குளத்தில் பூ நடுமுன்: வடக்கிலும் கிழக்கிலும் குளம் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கமநல சேவை நிலையங்களிலும் நீர்ப்பாசனப் பிரிவுகளிலும் பிரதேச சபைகளிலும் கமக்காரர் அமைப்புகளிலும் குளங்களுக்குப் பொறுப்பாக இருக்கிற எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் வவுனியா மாவட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். எங்கள் வீட்டுக்கு ஒரு சின்னக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதுமா என்று குளக்கட்டில் ஏறி நின்று பார்த்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அதனால் குளம் திருத்துகிறவர்கள் மேல் எனக்கு நன்றிதான் முதலில் வரும். எங்கள் குளத்தையும் திருத்தித் தந்தார்கள். பெக்கோ இயந்திரம் வந்து அலைகரையை வழித்து ஆழமாக்கியது, கட்டு உயர்ந்தது, துருசு புதிதாகியது. வேலை நல்ல வேலை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஒரு சின்ன லொறியில் பிளாஸ்டிக் கூடைகளில் அல்லிச் செடிகள் வந்து இறங்கின. எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று பூத்திருந்தன. "தேசிய மலர், வடிவாக இருக்கும்" என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். ஊரே சேர்ந்து இறங்கியது. நானும் முழங்கால் தண்ணீரில் நின்று ஆறோ ஏழோ செடிகளைச் சேற்றில் ஊன்றினேன்.

மாசி மாதம் ஒருநாள் மாணவர்களோடு குளத்தடிக்குப் போனபோது, ஒரு பையன் பழுத்துப்போன அல்லி இலை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இலையும் காம்பும் சேருகிற இடத்தில், இலையின் மேல்பக்கம், விரல் நுனியளவு குட்டிச் செடி ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சதம் காசு அளவில் நான்கு இலைகள், நூல் போல வெள்ளை வேர்கள். தாய் இலை அழுகி மிதக்க, குட்டி அதன் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்த இலைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான். எங்கள் குளத்துப் பழைய அல்லியில் இப்படி ஒன்றை நானும் கண்டதில்லை, என் அம்மாவும் கண்டதில்லை.

இலையில் குட்டி போடுவது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த நிம்ஃபேயா மைக்ராந்தா என்ற அல்லியின் குணம். அதை வேறு அல்லிகளோடு கலந்து உண்டாக்கிய தோட்டச் செடிகள் பலவற்றிலும் அந்தக் குணம் தொடரும். நாங்கள் தேசிய மலர் என்று நட்டது ஒரு தோட்டக் கலப்பினத்தை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த பிழை என்றால் நான் பகிரங்கமாக எழுதியிருக்க மாட்டேன். 1986-இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது நிம்ஃபேயா நூச்சாலி. நாங்கள் நீலோற்பலம் என்கிறோம், சிங்களத்தில் நில் மானெல். ஆனால் சுவரொட்டியிலும் வாழ்த்து மட்டையிலும் சிறுபிள்ளைகளின் வர்ணக் கொப்பியிலும் எத்தனையோ காலமாக இருந்து வந்தது வேறொரு பூ, அந்த அடர் ஊதாப் பூ. தாவரவியலாளர்களான தீப்தி யக்கந்தாவலவும் கபில யக்கந்தாவலவும் இதை ஆராய்ந்து, ஊதாப் பூ இந்த நாட்டுக்கு உரியதல்ல, வெளியிலிருந்து வந்த வழியில் பிறந்த கலப்பு என்று எடுத்துக்காட்டினார்கள். உள்நாட்டுச் செடிகளும் வந்தேறு செடிகளும் கலந்துபோவது இலங்கையின் உயிர்ப் பல்வகைமைக்கு யாரும் கவனிக்காத ஆபத்து என்று 2011-இலேயே அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தச் செய்தி எங்கள் குளக்கட்டுகளுக்குத் தமிழில் வந்து சேரவில்லை என்பதுதான் என் கவலை.

உண்மையான நீலோற்பலத்தின் நிறம் வெளிர் நீலம். பலமுறை தோய்த்து வெயிலில் காய்ந்த பழைய சேலையின் நீலம் என்று அம்மம்மா சொல்லுவா. பிள்ளையார் கோயிலுக்கு அதைத்தான் பறித்துக் கொண்டுபோவா. பூ காலை வெயில் ஏற ஏற விரியும், பின்னேரம் மூடிக்கொள்ளும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இதே இனத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் உண்டு. இரவில் விரிந்து காலையில் மூடுகிற, இலையோரம் பல் பல்லாக வெட்டியிருக்கிற, இலையின் அடிப்பக்கம் மயிர் தடவினாற்போல் இருக்கிற அல்லி இன்னொரு இனம், நிம்ஃபேயா பூபெசென்ஸ். தமிழில் நீருக்குள் பூக்கிற இந்தப் பூக்களுக்கு ஆம்பல், அல்லி, குவளை, நெய்தல், காவி, குமுதம், செங்கழுநீர் என்று எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்று இன்று எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கரையில் நின்று பார்த்த ஒருவர் இது வேறு, அது வேறு என்று பிரித்துக் கண்டபடியால்தானே இத்தனை பெயர் பிறந்தது. நாங்கள் இப்போது எல்லாவற்றையும் "தாமரை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

அல்லி எல்லாம் அல்லிதானே, எது பூத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எங்கள் கமக்காரர் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீரில் வாழும் பூச்செடிகளை வெறும் கண்ணால் எண்ணுவது மிகவும் கடினம். தரைச்செடிக்குத் தண்டு, பட்டை, இலை, மயிர், முள் என்று பார்க்க நிறைய இருக்கும். நீருக்குள் போன செடி இவற்றில் பலதைக் கைவிட்டுவிடும். அதோடு, ஒரே செடி இடத்துக்கு இடம் வேறு உருவம் எடுக்கும். வற்றிய குளத்தின் சேற்றில் நிற்கிற அல்லியின் இலை உள்ளங்கைக்குள் அடங்கும். அதே கிழங்கு அடுத்த மாரியில் ஆழத் தண்ணீரில் சாப்பாட்டுத் தட்டளவு இலை விடும். இரண்டையும் தனித்தனியே காட்டினால் இரண்டு இனம் என்று என் மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். மறுபக்கம், ஒன்றுபோலவே தெரிகிற இரண்டு செடிகள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கும்.

தண்ணீர் மேல் பச்சைப் பொட்டுப் பொட்டாய் மிதக்கிற லெம்னாவைப் பார்த்திருப்பீர்கள். தண்டும் இலையும் தனித்தனியாக இல்லாத அந்தச் செடிக் குடும்பத்தில், லெம்னா ஜப்பானிக்கா என்ற ஒன்றை 1980-இல் சுவிஸ் தாவரவியலாளர் எலியாஸ் லாண்டோல்ட் தனி இனமாகப் பெயரிட்டார். நாற்பது ஆண்டு கழித்து மரபணுவைப் படித்தபோதுதான் அது லெம்னா மைனரும் லெம்னா டூரியோனிஃபெராவும் கலந்து பிறந்தது என்று தெளிவாயிற்று. வாழ்நாள் முழுக்க லெம்னாவையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கும் வெறும் கண்ணால் உறுதிப்படுத்த முடியாத கலப்பு அது.

எங்கள் நாட்டிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. மீன் தொட்டிக்காரர்கள் விரும்பி வாங்கும் கிரிப்டோகொரைன் செடிகளில் பல இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஐரோப்பியக் கடைகளில் நீண்டகாலம் கிரிப்டோகொரைன் நெவில்லி என்று ஒரு குட்டைச் செடியை விற்றார்கள். உண்மையான நெவில்லி கிழக்கிலங்கையில், மாரியில் நனைந்து கோடையில் காய்கிற நிலத்தில் வாழ்கிறது. தொட்டிகளில் இருந்ததோ கண்டிப் பக்கத்து ஓடைகளில் இயற்கையாகவே உண்டான கலப்பு, கிரிப்டோகொரைன் வில்லிசி. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோன் வில்லிஸின் பெயர் அதற்கு. டென்மார்க்கின் நீல்ஸ் யாக்கோப்சன் போன்றவர்கள் இலங்கை ஓடைகளில் இறங்கித் தேடிய பிறகுதான் இந்தச் சிக்கல் அவிழ்ந்தது. கிழக்கின் செடி ஒன்று தன் பெயரை இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு அத்தனை காலம் மறைந்து கிடந்திருக்கிறது.

கலப்பு என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கண்டி ஓடையின் கலப்பு இயற்கை தன் வேகத்தில் செய்தது, அதுவும் காக்கப்பட வேண்டியதுதான். நீர்ச்செடிகளின் வரலாற்றில் கலப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. விதை வைக்க முடியாத கலப்பு தரையில் பெரும்பாலும் ஒரு தலைமுறையோடு போய்விடும். தண்ணீரில் அப்படி முடிந்துவிடாது. ஒரு துண்டு ஒடிந்து மிதந்து போய் வேர்விட்டால் போதும். இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் சில ஆறுகளில் பொட்டமொகெட்டன் என்ற நீர்ப்பூண்டு வகையின் கலப்பு ஒன்று வாழ்கிறது. அதன் பெற்றோரில் ஒன்று அந்தப் பகுதியிலேயே இப்போது இல்லை. குளிர்காலம் இன்னும் கடுமையாக இருந்த பழங்காலத்தில் அங்கே பிறந்து, அந்தப் பெற்றோர்ச் செடி வடக்கே போன பிறகும் துண்டு துண்டாகப் பெருகியே அது நிலைத்திருக்கிறது. ஒருமுறை தண்ணீருக்குள் போன கலப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நாங்கள் கொண்டுவந்து கலக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. அங்கே வட மாநில ஏரிகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த மிரியோஃபில்லம் என்ற நீர்ப்பூண்டு பரவி, படகு விடவும் முடியாமல் அடைத்துக்கொண்டது. அது உள்நாட்டு மிரியோஃபில்லத்தோடு கலந்துவிட்டது என்று 2002-இல் மைக்கேல் மூடியும் டொனால்ட் லெஸ்ஸும் மரபணுச் சான்றோடு காட்டினார்கள். பார்வைக்குப் பெரும்பாலும் பிடிபடாத கலப்பு. அதனால் எந்த ஏரியில் எது நிற்கிறது என்று தெரியாமலே மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 2013-இல் வந்த ஆய்வில், அந்தக் கலப்பு ஐரோப்பாவிலிருந்து வந்த பெற்றோரைவிட வேகமாக வளர்கிறது, 2,4-டி என்ற களைகொல்லிக்கு அந்தப் பெற்றோரைப்போல மடங்குவதில்லை என்று தெரிந்தது. எந்தச் செடி என்று தெரியாமல் செய்த வேலைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. ஆற்றுவாழை, சல்வீனியா என்ற மிதக்கும் களைகளை வழித்து வழித்துக் களைத்துப்போன எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அல்லிப் பூவின் உள்ளே ஒருமுறை பாருங்கள், ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று தெரியும். முதல் நாள் விரிந்த பூவின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில் பளபளவென்று திரவம் நிற்கும். அன்றைக்கு அது பெண் பூ. மகரந்தம் இன்னும் வெளிவந்திராது. வேறொரு பூவில் உருண்டு புரண்டு வந்த பூச்சி அந்தத் திரவத்தில் விழும், அதன் உடம்பில் இருந்த மகரந்தம் கரைந்து சேரும். மறுநாள் அதே பூ கிண்ணத்தை மூடிக்கொண்டு மகரந்தத்தைத் திறக்கும். அதாவது முதல் நாள் பூவுக்கு மகரந்தம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். குளத்தில் நூறு வெளிர் நீலப் பூக்களுக்கு நடுவே ஒரு ஊதாப் பூ நின்றால் அது ஒரு கதை. நூறு ஊதாவுக்கு நடுவே பத்து வெளிர் நீலம் நின்றால், அந்தப் பத்துக்கும் கிடைப்பது பெரும்பாலும் ஊதாவின் மகரந்தம். அது வளமான மகரந்தமாக இருந்தால் பிள்ளைகள் கலப்பாகும். வளமில்லாததாக இருந்தால் விதையே குறையும். இரண்டுமே எங்கள் பூவுக்கு நட்டம். இதெல்லாம் நடக்காவிட்டாலும், இலை முதுகில் குட்டி போட்டு இடத்தைப் பிடிக்கிற செடிக்கு முன்னால், விதையையும் கிழங்கையும் நம்பியிருக்கிற செடி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

பூ காய்த்ததும் காம்பு சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் வெடித்தால் விதைகள் ஒரு மெல்லிய சவ்வில் காற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதக்கும், பிறகு அமிழும். எங்கள் குளங்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேல்குளம் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும், அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். மேல்குளத்தில் திறப்பு விழாவுக்காக வைத்த பத்துச் செடி, இரண்டு பெருமாரி கழித்து எத்தனை குளங்களில் நிற்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நான் உங்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் எதுவும் இல்லை.

குளம் திருத்த மதிப்பீடு எடுக்கும்போது, மண் எவ்வளவு, கல் எவ்வளவு என்று எழுதுகிறீர்கள். அதே தாளில் குளத்தில் நிற்கும் செடிகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பூக்கிற காலத்தில் ஒரு காலையும் ஒரு இரவும் போதும். பகலில் பூக்கிறது எது, இரவில் பூக்கிறது எது என்று இரண்டு தடவை போனால்தான் தெரியும். பூவை மேலிருந்து ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், இலையோரம் ஒரு படம். ஒரு பூவையும் ஒரு இலையையும் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு இடையில் வைத்து அழுத்திக் காயவிட்டால், பேராதனையில் உள்ள தேசிய உலர்தாவரகத்துக்கு அனுப்பக்கூடிய மாதிரி தயார். பக்கத்துப் பாடசாலையில் கேளுங்கள், உயர்தரப் பிள்ளைகள் ஓடி வருவார்கள்.

அடுத்தது, பெக்கோ இறங்கும்போது முழு அலைகரையையும் ஒரே மூச்சில் வழிக்க வேண்டாம். கோடையில் வெடித்த சேற்றுக்குள் கிழங்கும் விதையும் உறங்கிக் கிடக்கின்றன. மேல்மண்ணை லொறியில் ஏற்றி விற்றாலோ கட்டுக்குக் கொட்டினாலோ அந்தக் குளத்தின் அல்லி முழுதும் அதோடு போய்விடும். ஒரு மூலையைத் தொடாமல் விடுங்கள். முடியாவிட்டால் மேல்மண்ணில் கொஞ்சத்தை ஒதுக்கி வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப ஆழம் குறைந்த பக்கத்தில் பரப்புங்கள். எங்கள் குளத்தில் இதைச் செய்யவில்லை. செய்யச் சொல்ல எனக்கும் அன்று தெரியவில்லை.

தயவுசெய்து குளத்துக்குப் பூ வாங்காதீர்கள். அதே நீரோட்டத்தில் உள்ள பக்கத்துக் குளத்திலிருந்து நாலைந்து கிழங்கு எடுத்துவந்து நட்டால் போதும், இரண்டு மாரியில் குளம் பூக்கும். ஊதா அல்லியை வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் வளர்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மழைத் தண்ணீர் நிரம்பி வாய்க்காலுக்கு வழியாத இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே ஊதா இறங்கிய குளங்களில் மருந்தடிக்க ஓட வேண்டாம். முதலில் எது எது என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு கிழங்கோடு கையால் பிடுங்கி, குட்டி போட்ட இலைகளையும் பொறுக்கி, கட்டில் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். வாய்க்காலில் வீசினால் வேலை இரட்டிப்பாகும். எங்கள் குளத்தில் பங்குனியில் மாணவர்களோடு தொடங்கினோம். இன்னும் முடியவில்லை.

இன்னொன்று, கல்விக்கும் சுற்றாடலுக்கும் பொறுப்பானவர்களை நோக்கி. தேசிய மலர் எது, அதைப்போல் தெரிகிற மற்றது எது என்று இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள ஒரு தாளைத் தமிழில் அச்சடித்து எல்லாக் கமநல சேவை நிலையத்திலும் ஒட்டுங்கள். அன்று அந்த லொறியோடு வந்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. அவர்கள் சின்ன வயதில் வர்ணம் தீட்டிய படத்தில் இருந்த பூவைத்தான் நம்பி வாங்கி வந்தார்கள்.

எங்கள் குளத்துக்கு மேலே, காட்டோரமாக இன்னொரு சின்னக் குளம் இருக்கிறது. கட்டில் மூன்று மருத மரங்கள் நிற்கும். அங்கே வெளிர் நீலப் பூ இன்னும் இருக்கிறது. போன கிழமை போய் எண்ணினேன், விரிந்த பூ நாற்பத்தொன்று. ஒரு இலையிலும் குட்டி இல்லை. அந்தக் குளமும் திருத்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். திருத்த வேண்டியதுதான், கட்டு ஓரிடத்தில் கசிகிறது. பெக்கோ வரும் திகதியை மட்டும் ஒரு கிழமைக்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள். புரட்டாதியில் தண்ணீர் வற்றியிருக்கும், கிழங்கு தோண்டச் சுலபம். பன்னிரண்டு மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மண்வெட்டியும் வாளியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
வவுனியா மாவட்டத்து உயிரியல் ஆசிரியை ஒருவர்